அடுத்த அறையில் எத்தனை பேர்

செவ்வாய்க்கிழமை காலை, பொய்ப்பல் கூடத்தில் மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிச் சூடேற்றிக்கொண்டே அவள் போனில் தன் மன்றத்தைத் திறந்து பார்த்தாள். முந்தின நாள் மதியம் ஒருவர் எழுதியிருந்தார். "யாராவது இருக்கீங்களா? அம்மா இன்னைக்கு என்னைப் பாத்து நீங்க யாருன்னு கேட்டாங்க. யார்கிட்டயாவது பேசணும் போல இருக்கு." கீழே ஒரு பதில்கூட இல்லை. இருபது மணி நேரம் காத்திருந்துவிட்டு அதே ஆள் மறுபடி எழுதியிருந்தார். "சரி, பரவாயில்ல." அதோடு தன் கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டார்.

முந்தின நாள் வீட்டில், எழுந்திருக்க முடியாத அண்ணனுடைய காற்று மெத்தை ஓட்டையாகிவிட்டது. அதற்கு ஆள் பிடித்து, ஒட்டு போட்டு, மறுபடி காற்றடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவள் போனைத் தொடவில்லை. அவள் தொடாவிட்டால் அங்கே வேறு யாருமே தொடுவதில்லை என்பது இப்போதுதான் முகத்தில் அறைந்தாற்போலத் தெரிந்தது.

அந்த இடத்துக்கு 'அடுத்த அறை' என்று பெயர். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளே இணையத்தில் தொடங்கிய சின்ன மன்றம். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வந்து பேசும் இடம். பெயர், ஊர், படம் மூன்றும் கூடாது என்பதுதான் அங்கே ஒரே சட்டம். ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். சட்டத்துக்குக் காரணம் இருந்தது. 'அப்பா இன்னைக்கே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு' என்று சொந்தப் பெயரில் எங்கே போய் எழுத முடியும்? கூடப்பிறந்தவர்களிடம் சொல்ல முடியுமா, வேலை செய்யும் இடத்தில் சொல்ல முடியுமா? இங்கே எழுதலாம். எழுதினால் யாரும் அடிப்பாவி என்று வாயைப் பிளக்க மாட்டார்கள். 'எனக்கும் நேத்து அப்படித்தான் இருந்துச்சு, மூஞ்சி கழுவிட்டு வாங்க' என்பார்கள்.

நல்லா இருந்த நாளில் இருநூறு பேர் வந்து போனார்கள். பிறகு கூட்டம் பெரிய பெரிய செயலிகளுக்கு நகர்ந்துவிட்டது. அங்கே படம் போடலாம், நாலு பேரிடம் தியாகி என்று பேர் வாங்கலாம். இன்னும் சிலருக்கு வீட்டில் கிடந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்களுக்கு இங்கே என்ன வேலை? மிஞ்சினவர்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது எட்டிப் பார்ப்பவர்களை அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆறு பேர். அவளையும் சேர்த்தால் ஏழு. அவளுக்கு அங்கே 'காவலாள்' என்று பெயர்.

"என்ன, பல்லு செய்யச் சொன்னா போனை மென்னுக்கிட்டு இருக்கே?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். அவர் மெருகு போடுகிறவர். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடம் அது. அவள் மெழுகில் பல் வரிசை கட்டுவாள், அவர் கடைசியில் பளபளப்பாக்குவார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அந்த மன்றத்தில் தனியாகக் கத்திப் பார்த்தாள். தினம் ஒரு கேள்வி போட்டாள். மெத்தை மாற்றுவது எப்படி, முதுகுப் புண்ணுக்கு எந்த மருந்து, எரிச்சல் வந்தால் என்ன செய்கிறீர்கள். பதில் வரவில்லை. ஆள் இல்லாத கடை வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூவுகிற மாதிரி அவளுக்கே கூச்சமாக இருந்தது. இந்த இடம் போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்று நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் ஒன்பது வருஷமாகக் கிடக்கும் அண்ணனை அவள் பார்த்துக்கொண்டது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

வெள்ளிக்கிழமை 'ஈரத்துணி' என்கிற பெண் எழுதினாள். அவள் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "மாமியாருக்கு வாயில தண்ணி ஊத்துனா பாதி வெளிய வருது, மீதி புரையேறுது. உங்க வீட்ல யாருக்காவது இப்படி இருக்கா?"

காவலாள் பதில் போடலாம். ஆனால் ஈரத்துணியின் போன மூன்று கேள்விக்கும் காவலாள் மட்டும்தான் பதில் போட்டிருந்தாள். நாலாவதுக்கும் அதே ஆள் வந்து நின்றால், இங்கே ஈ காக்கை இல்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். அவளும் 'பரவாயில்ல' என்று போய்விடுவாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே காவலாள் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். எந்தப் பெயர் வைப்பதென்று தெரியாமல் வெளியே பார்த்தாள். ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒருவர் போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

'மூன்றாம் மாடி' என்கிறவர் எழுதினார். "எங்க அப்பாவுக்கும் இதே கதைதான் தண்ணியா குடுக்காதீங்க கொஞ்சம் கெட்டியா குடுங்க தலையை லேசா முன்னால சாய்ச்சு வைங்க"

பத்தே நிமிஷத்தில் ஈரத்துணி பதில் எழுதினாள். "ரொம்ப நன்றிங்க. காவலாளைத் தவிர இங்க வேற யாரும் இல்லையோன்னு நெனச்சேன்."

காவலாளுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் திருடிவிட்ட மாதிரிப் படபடப்பு. நிம்மதிதான் ஜெயித்தது.

ஒரு மாதத்துக்குள் மூன்றாம் மாடிக்குத் துணையாக அவள் கைவண்ணத்தில் இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கல்லூரிப் பெண் 'தலையணை உறை'. எல்லாவற்றுக்கும் நொட்டை சொல்லும் 'ஓட்டை வாளி'. அதிகம் பேசாத 'நாற்காலி'. கூடத்தில் வீணாகும் ஆர்டர் தாளின் பின்புறத்தில் யார் யார் எப்படி என்று குறிப்பு எழுதி வைத்தாள். மூன்றாம் மாடி முற்றுப்புள்ளி வைக்க மாட்டார். ஓட்டை வாளியின் மனைவிக்கு இடது கைதான் வராது, வலது அல்ல. இவர்கள் நாலு பேரும் பேசிக்கொள்ள, உண்மையானவர்களும் தலையை நீட்டினார்கள். ஃபேனை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்று ஓட்டை வாளியும் மூன்றாம் மாடியும் ஒரு நாள் அடித்துக்கொண்டதில், ஒரு வருஷமாக வாயே திறக்காத ஒருவர்கூட வந்து பஞ்சாயத்து பண்ணினார். அவள் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

ஈரத்துணிக்கு மூன்றாம் மாடி என்றால் தனி நம்பிக்கை. பொது இடத்தில் எழுதாததையும் அவருக்குத் தனியாக எழுத ஆரம்பித்தாள். ஒரு நாள் மதியம் இப்படி வந்தது. "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். காலையில மாமியாருக்குப் புரையேறுச்சு. நான் கதவுகிட்ட நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனேன். இருபது வரைக்கும். அப்புறம்தான் உள்ள போனேன். நான் மனுசியா?"

காவலாள் கையிலிருந்த மெழுகுத் துண்டு உடைந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அண்ணனுக்குச் சளி அடைத்து மூச்சுக்குத் திணறியபோது, அவள் அவன் அறை வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். கால் நகரவில்லை. இருபது எண்ணினாளா முப்பது எண்ணினாளா என்று இன்றுவரை தெரியாது. இந்த மாதிரி விஷயத்தைச் சொல்வதற்காகவே ஒரு இடம் கட்டியவள், அந்த இடத்தில்கூடச் சொன்னதில்லை. காவலாள் எப்படிச் சொல்வாள்? ஆனால் மூன்றாம் மாடி சொல்லலாம்.

"நானும் நின்னிருக்கேன் திரைக்குப் பின்னால கால் நகரவே இல்ல நீங்க மனுசிதான் அதனாலதான் கேக்கறீங்க"

ஈரத்துணி அன்று அழுததாக எழுதினாள். அழுது ஆறு மாதம் ஆகியிருந்ததாம்.

அடுத்த புதன்கிழமைதான் எல்லாம் குடை சாய்ந்தது. கூடத்தில் தலைக்கு மேல் வேலை. முதலாளி பின்னாலேயே நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கையெல்லாம் அச்சு வார்க்கும் சுண்ணமாவு. போன் அதிர்ந்தது. இந்த முறை பொது இடத்திலேயே ஈரத்துணி எழுதியிருந்தாள். "மூன்றாம் மாடி, இருக்கீங்களா? இன்னைக்கு இருபதோட நிக்கல. முப்பத்தஞ்சு வரைக்கும் போயிட்டேன். நாளைக்கு எங்க நிப்பேன்னு தெரியல."

அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை. "ஈரத்துணி நான் மூன்றாம் மாடி எங்க அப்பா மேல சத்தியமா சொல்றேன் எண்ண ஆரம்பிச்சா உடனே கதவை விட்டு நகர்ந்து அவங்ககிட்ட போயிடுங்க எண்ணாதீங்க" என்று அடித்து அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். மேலே எழுதியவர் பெயர்: காவலாள்.

அழித்தாள். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது. ஆனால் 'பழைய செருப்பு' அதற்குள் பார்த்துவிட்டார். பதினொரு வருஷமாக மனைவியைப் பார்த்துக்கொள்கிறவர், மன்றத்தில் அவளுக்கு அடுத்தபடி பழைய ஆள், நாக்கில் உப்புத்தாள் வைத்துப் பேசுகிறவர். அழிப்பதற்குள் எடுத்த படத்தைப் போட்டு, கீழே எழுதினார்.

"காவலாள், உங்க அப்பா நீங்க பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே போயிட்டார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இது எந்த அப்பா? நான் பதினொரு வருஷமா ஒரு பொம்பளைக்கு வாய் துடைச்சு விடறவன். எனக்கு விளையாடப் பொம்மை வேண்டாம். நேராக் கேக்கறேன். இந்த அறையில நிஜமா எத்தனை பேர் இருக்கோம்?"

அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மறுக்கலாம். போன் கைமாறிவிட்டது, பக்கத்து வீட்டுப் பையன் விளையாடினான் என்று எதையாவது சொல்லலாம். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள். "மூன்றாம் மாடி, தலையணை உறை, ஓட்டை வாளி, நாற்காலி. இந்த நாலு பேரும் நான்தான். இந்த இடம் செத்துடக் கூடாதுன்னு செஞ்சேன். மன்னிச்சிடுங்க. நிஜமா இருக்கறது ஏழு பேர்."

வெளியே வந்தபோது ஏழு ஐந்தாகியிருந்தது. இருவர் ஒரு வார்த்தை சொல்லாமல் கணக்கை மூடிவிட்டார்கள். ஒருத்தர் மட்டும், "ஓட்டை வாளி மனைவிக்காக நான் நிஜமாவே வேண்டிக்கிட்டேன்" என்று எழுதியிருந்தார்.

ஈரத்துணியிடமிருந்து தனியாக ஒரே வரி வந்தது. "அப்ப நான் யார்கிட்ட சொன்னேன்?"

அதற்கு மேல் ஒன்றுமில்லை. சாயங்காலம் வரை இல்லை. மறுநாள் காலையும் இல்லை.

மறுநாள் மதியம் அவள் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். மன்றத்தை நடத்துகிறவளுக்கு மட்டும் தெரியும் பக்கத்தைத் திறந்து, ஈரத்துணி சேரும்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தாள். அதிலேயே ஒரு பெண்ணின் முழுப் பெயரும், அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் பெயரும் இருந்தன. பள்ளிக்கூடத்தின் நம்பரைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நம்பரைப் போட்டுவிட்டு, பச்சைப் பொத்தானுக்கு மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் இன்று சாயங்காலமே ஒரு கிழவிக்கு மறுபடி புரையேறலாம். ஒருத்தி வாசலில் நின்று எண்ணலாம். நாற்பது. ஐம்பது.

"உடம்பு சரியில்லையா? மூஞ்சி வெளுத்துப் போயிருக்கே" என்றார் மெருகுக்காரர்.

"வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை அனுப்பிவிட்டு, அவன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு போனதோடு கைகால் அடங்கிவிட்டது, வாய் மட்டும் அடங்கவில்லை. சின்ன வயசில் அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே திரிந்தவள் என்பதால் இன்றும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன வாலு, அரை நாள்லயே வந்துட்டே? பல்லுக்கெல்லாம் லீவு விட்டாச்சா?"

அவள் சிரிக்கவில்லை. மன்றம், நாலு பொய் ஆட்கள், ஈரத்துணி, எண்ணிக்கை, கையில் இருக்கும் நம்பர் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் போனில் எங்கேயோ எழுதுகிறாள் என்பதற்கு மேல் அவனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "போன் பண்ணி என்ன சொல்லப்போறே? உங்க டீச்சர் மாமியாரைச் சாகவிடப் பாக்கறாங்கன்னா?"

"அந்த அம்மா செத்துட்டா?"

"செத்துட்டா நீ வாழ்க்கை பூரா அழுவே. சரி. இப்ப போன் பண்ணுனா அந்தப் பொண்ணு தெருவுல நிப்பா. அப்புறம் அவ யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டா. வாயத் திறக்காத ஆளு எத்தனை வரைக்கும் எண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப சும்மா இருக்கச் சொல்றியாண்ணா?"

"அவ உன்னை ஒரு கேள்வி கேட்டால்ல? யார்கிட்ட சொன்னேன்னு. அதுக்குப் பதில் சொன்னியா?"

அவள் சொல்லவில்லை. சொல்வதென்றால் எதைச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"மூன்றாம் மாடி திரைக்குப் பின்னால நின்னாருன்னு எழுதினேன்ல..." என்று ஆரம்பித்தாள். "அது மட்டும் கதை இல்லண்ணா."

"தெரியும்" என்றான் அண்ணன்.

அவள் நிமிர்ந்தாள்.

"திரைக்குக் கீழ உன் கால் தெரிஞ்சுது. பச்சைச் செருப்பு. மூச்சு முட்டிக்கிட்டே அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். வரமாட்டியோன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டான். "வராம இருந்தாலும் சரிதான்னும் ஒரு நேரம் நெனச்சேன்."

"ஏண்ணா என்கிட்ட கேக்கல?"

"கேட்டு என்ன பண்ண? நீ வந்துட்டே. வந்தப்புறம் ரெண்டு நாள் செம கோவம். எழுந்து உன்னை அறையலாம்னு பாத்தா, அதுக்கும் உன்னைத்தான் தூக்கிவிடச் சொல்லணும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்தத் தோளில் அவனுக்கு இன்னும் கொஞ்சம் உணர்ச்சி மிச்சம் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து ஈரத்துணிக்கு எழுதினாள். "நீங்க சொன்னது என்கிட்டதான். எனக்கு அப்பா இல்ல, மாடி இல்ல. அண்ணன் இருக்கான். அவனுக்கு மூச்சு முட்டுனப்ப திரைக்குப் பின்னால நின்னது நான். அந்த ஒண்ணு நிஜம். இன்னைக்குத்தான் அவன்கிட்ட சொன்னேன். நீங்களும் வீட்ல யாராவது ஒருத்தர்கிட்ட, என்னால தனியா முடியலைன்னு மட்டுமாவது சொல்லுங்க. உங்க முகவரியைப் பாத்துட்டேன். அதையும் சொல்லிடறேன். போன் பண்ண மாட்டேன்."

அனுப்பிவிட்டாள்.

பிறகு ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளை அவள் எப்படிக் கடத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு பெரியவருக்கு மேல் வரிசையைக் கீழ் வரிசை அளவில் கட்டி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். காலையில் செய்தித்தாளில் மரண அறிவிப்புப் பக்கத்தைத் திறப்பாள், இறந்தவரின் மருமகளாக அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று தேடுவாள், இல்லையென்றதும் மூடுவாள். மன்றத்தில் இன்னும் ஒருவர் போனார். இழுத்து மூடிவிடலாம் என்று இரண்டு தடவை முடிவு செய்து, மூடும் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

மூட விடாதவர் பழைய செருப்புதான். அவரைத்தான் முதலில் போவார் என்று அவள் நினைத்திருந்தாள். ஐந்தாம் நாள் அவர் எழுதினார். "நான் போகலை. போக வேற இடம் இல்லை, அதனால பெரிய மனசுன்னு நெனச்சுக்காதீங்க. சாவி ஒண்ணு என்கிட்டயும் இருக்கணும். ஒரே ஆள் காவல் காத்தா இப்படித்தான் பேய் பிசாசெல்லாம் குடியேறும். காலை ஆறுலேர்ந்து பத்து நான் பாத்துக்கறேன். யார் என்ன கேட்டாலும் அந்த நேரத்துல பதில் என் பொறுப்பு. மத்த நேரத்தை மத்தவங்க பிரிச்சுக்குங்க. யாரும் இல்லாத நேரம்னா யாரும் இல்லைன்னு வாசல்ல எழுதிப் போடுங்க. பொய் சொல்ல வேண்டாம்."

அவள் சாவியைக் கொடுத்தாள். மன்றத்தின் முகப்பில் முதல் தடவையாக உண்மைக் கணக்கு ஏறியது. 'இப்போது இருப்பவர்கள்: நான்கு பேர்.' இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை யாரும் இல்லை என்றும் எழுதினார்கள். அதை எழுத அவளுக்கு மனசே வரவில்லை. யார் வருவார்கள் இந்தப் பாழடைந்த இடத்துக்கு என்று நினைத்தாள்.

பத்தாம் நாள் காலை, பழைய செருப்பின் நேரத்தில், ஈரத்துணி வந்தாள். அவருக்குத்தான் எழுதினாள். "மாமியாரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். வீட்டுக்காரர்கிட்ட முடியலைன்னு சொன்னேன். எல்லாத்தையும் சொல்லல. அவர் ஒரு வாரம் லீவு போட்டார். ஒரே நாள்ல அவரும் உக்காந்து அழுதார். மூக்கு வழியா குழாய் வெச்சுருக்காங்க, இப்ப புரையேறல. குழாயைச் சுத்தி எப்படித் துடைக்கறதுன்னு யாராவது சொல்லுங்க."

காவலாள் கூடத்தின் மூலையில், சுண்ணமாவு கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்தாள். குழாயைத் துடைப்பது எப்படி என்று அவளுக்கு விரல் நுனியில் தெரியும். ஆனால் அது அவளுடைய நேரமில்லை. பழைய செருப்பு நாலு வரி எழுதினார். அவர் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. அதை இன்னொருவர் வந்து திருத்தினார்.

ஈரத்துணி அங்கேயே தங்கினாள். ஆனால் காவலாளோடு பேசவில்லை. காவலாள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவேயில்லை. காவலாள் எதையாவது எழுதினால் ஈரத்துணி அதைத் தாண்டிக்கொண்டு போய் அடுத்தவருக்குப் பதில் சொல்வாள். வியாழக்கிழமை சாயங்காலக் காவலை ஈரத்துணியே கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்போதும் கேட்டது பழைய செருப்பிடம்தான். காவலாளுக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மெல்ல மெல்ல ஆட்கள் ஒன்பது ஆனார்கள். அதற்கு மேல் ஏறவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் குரலே எழும்பவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்தைக் கொடுங்கள், மூச்சு வேகத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள், கூடினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு முழுக்க அவன் மூச்சுச் சத்தம். சும்மா இருந்தால் இருபது பேச்சுப் பேசுகிறவன் வாய் திறக்காமல் கிடந்தது அவளைப் பயமுறுத்தியது. சாயங்காலம் மணி ஐந்தரை. யாருடைய நேரம் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

"அண்ணனுக்கு ரொம்ப முடியல. கூட யாரும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

இந்த ஏழெட்டு வருஷத்தில் காவலாள் தனக்காக எழுதிய முதல் வரி அது. எழுதிவிட்டு போனைக் கட்டிலில் வைத்தாள். அண்ணன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மறுபடி போனை எடுத்தபோது ஈரத்துணி எழுதியிருந்தாள். விசாரிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை.

"ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? கடிகாரத்தை வெச்சு எண்ணிட்டு எனக்கு எழுதுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதுங்க. எட்டு மணி வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அண்ணனுடைய மூச்சை எண்ண ஆரம்பித்தாள். முப்பத்திரண்டு. எழுதினாள். பத்து நிமிஷம் கழித்து முப்பத்தொன்று. ஏழு மணிக்கு இருபத்தாறு.